இரண்டு பூட்டுப் போட்ட பட்டறை

போன கிழமை சாவகச்சேரிச் சந்தைக்குப் பக்கத்தில் சைக்கிளுக்குக் காற்றடிக்க நின்றேன். கடைக்காரரின் கையெல்லாம் கிறீஸ். அந்த மணத்துக்கு என் முதல் நியமனம் நினைவுக்கு வந்துவிட்டது. இருபத்துநாலு வயதில், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இரும்பு கடையும் லேத் மெசின் பழக்கப் போன பெரிய மனிதன் நான்.

பள்ளிக்கூடங்களில் கைத்தொழில் பழக்கும் தொழில்முன்னிலைப் பாடம் இருந்த எழுபதுகள் உங்களுக்கும் நினைவிருக்கும். வடகரையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு பள்ளிக்கூடங்களுக்கும் சேர்த்து ஒரேயொரு பட்டறை கிடைத்தது. ஒன்று கடற்கரைப் பிள்ளைகள் படிப்பது, மற்றது மிஷன்காரர் கட்டிய பழையது. எல்லை வேலியைப் பிரித்து நடுவில் கட்டினார்கள். காலையில் ஒரு பள்ளிக்கூடம், மத்தியானம் மற்றது. சுத்தியல், அரம் என்று ஆயுதம் களவுபோனால் யார் பொறுப்பு என்று கேள்வி வந்தபோது, கோயில் உண்டியலுக்குப் போடுவதுபோல இரண்டு பூட்டுப் போட்டு, இரண்டு பள்ளிக்கூட அதிபர்களுக்கும் ஆளுக்கொரு திறப்பாகக் கொடுத்தார்கள்; இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். நல்ல ஏற்பாடு என்று நானும் தலையாட்டினேன்.

கடற்கரைப் பள்ளிக்கூடத்தில் மனோன்மணி என்றொரு பிள்ளை. தகப்பனின் வள்ளத்து எஞ்சினோடு வளர்ந்தவள். எனக்குப் பிடிபடாத பழுதைச் சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவாள். அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றுக்குப் பயிலுநர் எடுக்கக் கொழும்பிலிருந்து அதிகாரி வருகிறார், மெசினில் வேலை செய்யவிட்டுப் பார்ப்பார் என்று கடிதம் வந்தது. தகப்பன் முடிவாகச் சொல்லிவிட்டார்: "உது கிடைக்காட்டி ஆவணியிலை கலியாணம்."

அந்தக் கிழமை பார்த்துப் பட்டறைக்குப் பெயர்ப்பலகை எழுதினார்கள். கடற்கரைப் பள்ளிக்கூடத்தின் பெயர் மேலே வந்துவிட்டது. அதிகாரி வந்த அன்று மிஷன் பள்ளிக்கூட அதிபர் திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு மானிப்பாய்க்குப் போய்விட்டார். அவருடைய பியோன் வந்து நின்றான்.

"பலகையை மாத்தி எழுதினாத்தான் திறப்பாம், சேர்."

மற்ற அதிபர் கதிரையை விட்டு அசையவில்லை. "உவையின்ரை எடுப்புக்கு நாங்கள் வளையிறதோ?"

அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். மனோன்மணி பக்கத்து வளவிலிருந்து இரும்பு அலவாங்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"சேர், நான் உடைக்கிறன். நீங்கள் அங்காலை பாருங்கோ."

"வேண்டாம் பிள்ளை. என்ரை வேலை போயிடும்."

அலவாங்கை வாங்கிச் சுவரோடு சாத்தியவன் நான்தான். அதிகாரி ஜீப்பில் ஏறினார். அடுத்த முறை பார்க்கலாம் என்று அவளிடம் சொன்னேன்.

ஆவணியில் கலியாணம். இரண்டு அதிபர்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து, சோடா குடித்துக்கொண்டு சிரித்துக் கதைத்தார்கள். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஆனாலும் பாயசம் இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்தேன். என் ரோசம் அவ்வளவுதான்.

அடுத்த முறை என்று ஒன்று வரவேயில்லை. ஆட்சி மாறியது, பாடத்தை எடுத்துவிட்டார்கள். லேத்தை யாரோ லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு வந்த சண்டையில் இரண்டு பள்ளிக்கூடங்களும் தரைமட்டம். கடற்கரைச் சனம் இடம்பெயர்ந்து போனது. மனோன்மணி எங்கே, இருக்கிறாளா என்றுகூடத் தெரியாது. என் வேலை மட்டும், அறுபது வயதில் மாலை போட்டு அனுப்பும்வரைக்கும், போகவேயில்லை.