வள்ளத்தின் வயிற்றில் ஒரு தேசிக்காய்

பாரிஸை விட்டு லண்டனில் ஸ்ட்ரெதமுக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. வகுப்பில் என்னைப் பிரெஞ்சுக்காரி என்றார்கள். பாரிஸில் ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்பது வேறு கதை. அவரவர் செய்த படகைப் பூங்காக் குளத்தில் விடும் போட்டி வந்ததும், அந்தப் பெயரை உண்மையாக்கிக் காட்டுவதென்று முடிவெடுத்தேன். அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர் பந்தயத்துக்கு விட்ட பறக்கும் படகு ஒன்றின் படம் என்னிடம் இருந்தது. அடியில் வள்ளம், மேலே இரண்டடுக்குச் சிறகு, சிறகுகளுக்கு நடுவே எஞ்சின். அதையே செய்து அக்கரை சேர்ப்பேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லியும் விட்டேன்.

பால் போத்தல் வள்ளமாயிற்று, அட்டை சிறகாயிற்று. பழைய பொம்மைக் காரின் மோட்டரைப் பட்டரியோடு உயரத்தில் ஏற்றினேன். குளியல் தொட்டியில் விட்டதும் கவிழ்ந்தது.

"மோட்டரைக் கீழ இறக்கடி" என்றார் அண்ணை.

படத்தில் மேலேதான் இருக்கிறது, இறக்க மாட்டேன் என்றேன். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். இதில் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது என்று கத்தினேன். சிறகை அகலமாக்கினேன், வாலை வெட்டினேன். அதுவும் கவிழ்வதை விடவில்லை, நானும் விடுவதாயில்லை.

போட்டியன்று, கவிழும் என்று தெரிந்தே வெளிக்கிட்டேன். அம்மா கையில் ஓர் எலுமிச்சையோடு வாசலில் மறித்தார்.

"கண்ணூறு பட்டிருக்கு, அதுதான் பிரளுது. புதுக் காருக்குச் சில்லுக்குக் கீழ தேசிக்காய் வைச்சு நசிக்கிறேல்லையோ? இதுக்குச் சில்லில்லை, உள்ளுக்கு வைப்பம்."

கண்ணூறு என்றால் எங்கள் வீட்டில் மறுபேச்சில்லை. அம்மா எலுமிச்சையைப் போத்தலுக்குள் அடியில் வைத்து டேப் போட்டு இறுக்கினார். யாராவது கண்டால் மானம் போய்விடும் என்று நான் மேலே அட்டையால் மூடினேன்.

குளத்தில் என் படகு ஒருமுறை தள்ளாடி நிமிர்ந்தது. காற்றடித்தது, வாத்தொன்று குறுக்கே போனது, கவிழவில்லை. எல்லாருக்கும் கடைசியாகத்தான் அக்கரை சேர்ந்தது. ஆனாலும் சேர்ந்தது! சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வகுப்பின் கண்ணூறு முழுக்க அந்த எலுமிச்சையில் இறங்கியிருக்கும் என்று பயந்து, வெறுங்கையால் தொடாமல் சொக்ஸால் பிடித்துக் குப்பையில் போட்டேன்.

கண்ணூறு கழிப்பவர்கள் எலுமிச்சையைச் சுற்றி எடுத்து வெட்டி எறிவார்கள். அம்மா எதையும் சுற்றவில்லை. போட்டிக்கு முதல் நாள் நான் பள்ளியால் வந்தபோது அவருடைய சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது. தொட்டி விளிம்பில் ஓர் உருளைக்கிழங்கும் வெங்காயமும் எலுமிச்சையும் ஈரத்தோடு இருந்தன. கத்துகிற பிள்ளையின் படகில் கண்ணூறைச் சொல்லித்தான் அடியில் கனம் வைக்க முடியும் என்பது அம்மாவுக்கு விளங்கியிருந்தது. எனக்கோ, குளியலறையில் என்ன சமையல் என்பதுதான் அன்று விளங்கவில்லை.