கார்டில் ஏறிய குடும்பத் தலைவி

‘குடும்பத் தலைவி’ என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. விண்ணப்பங்களில் மட்டும் குடியிருக்கிற சொல் அது. அப்பா போன பிறகு ரேஷன் கார்டை மாற்ற இ-சேவை மையத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னாலிருந்த பெண், “குடும்பத் தலைவி யாருங்க சார்? சீக்கிரம் சொல்லுங்க, சர்வர் போய்டும்” என்றாள்.

நாலு செகண்ட் யோசித்து மனைவி பெயரைச் சொன்னேன். நாற்பது வருஷம் களை பறித்துத் தேய்ந்த அம்மாவின் விரல், ரேஷன் கடை மெஷினில் ஒழுங்காகப் பதிந்ததே இல்லை. மனைவியின் விரல் பதியும். அவ்வளவுதான் என் புத்திசாலித்தனம். அதை வீட்டில் சொல்லத்தான் தைரியம் இல்லை. புதுக் கார்டு வந்ததும் ஸ்கூட்டர் டிக்கியில் ஒளித்துவைத்தேன். ஒளித்துவைப்பதில் எனக்கு நல்ல திறமை.

அம்மா பழைய கார்டோடு வரிசையில் நின்று, வெறும் பையோடு திரும்பினாள்.

“இது செல்லாதாம். புதுசுல உன் பொண்டாட்டி போட்டோவாம். கடைக்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமாடா?”

“உன் விரல் பதியலன்னுதாம்மா...”

“பதியலன்னா வெட்டிப் போட்டுடு.”

அத்தோடு பேச்சு நின்றது.

எங்கள் வீட்டில் அம்மா அரிசி அளந்தால்தான் சமையல். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் என் மனைவி ஆழாக்கைத் தொட்டதில்லை. மறுநாள் காலை அம்மா, அடி அண்ணாமலையில் இருக்கும் என் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பத் துணிமூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். என் மகளுக்கு எட்டரைக்கு ஸ்கூல் வேன்.

மனைவி உலை வைத்துவிட்டு வந்தாள். “அத்தே, எத்தினி ஆழாக்கு?”

“கார்டுல இருக்கறவங்க அளக்கட்டும்.”

“நான் அளக்கமாட்டேன். என்னையும் கேக்காமதான் எழுதிட்டு வந்திருக்காரு.”

“வேணும்னா நான் அளக்கறேன்” என்றேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். எடுத்த ஆழாக்கைக் கீழே வைத்துவிட்டேன்.

தண்ணீர் கொதித்து மூடி ஆடியது. யாரும் அணைக்கவில்லை. மகள் காலி டிபன் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். மணி எட்டு.

அம்மா எழுந்தாள். விறுவிறுவென்று மூன்று ஆழாக்கு அளந்தாள்.

“கம்மியா இருக்கே அத்தே?”

“சரியாத்தான் இருக்கு. அவன் வெளியே சாப்டுக்குவான்.”

மனைவி மூட்டையைத் தூக்கிப்போய் பீரோவில் வைத்தாள். அம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி அரிசி கழுவினாள்.

செங்கம் ரோட்டு ஓட்டலில், ஆசிரமத்துக்கு அமைதி தேடி வந்த வெளிநாட்டுக்காரர்கள் நடுவில் உட்கார்ந்து இட்லி தின்றேன். ராத்திரிக்காவது எனக்கு அரிசி விழுமா என்று கேட்க, மனைவிக்கு போன் போட்டேன். அம்மாதான் எடுத்தாள். பேசாமல் வைத்துவிட்டேன்.