சம்பந்தி வீட்டுப் பெரிய அடுப்பு

ஹபீப் முகம்மதுவின் கணக்கில் உலகத்தில் இரண்டே வகை ஆட்கள்: அடுப்பு வாங்கத் தெரியாதவர்கள், தெரியாது என்பதே தெரியாதவர்கள். ஷார்ஜா தொழிற்பேட்டையில் டயர் கடைக்கும் கண்ணாடி வெட்டும் பட்டறைக்கும் நடுவே அவருடைய கடை. விற்பது விறகு போட்டு எரிக்கும் இரும்பு அடுப்புகள். சமைக்க அல்ல, குளிர்காய. பாலைவனத்தில் இதை எவன் வாங்குவான் என்று கீழக்கரையிலிருந்து போன் போட்டுச் சிரிக்கும் உறவுக்காரர்களிடம், "சனவரியில வந்து மசாஃபி மலையில ஒரு ராத்திரி படுத்துப் பாரு, பல்லு தந்தி அடிக்கும், அப்புறம் பேசு" என்பார்.

வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் மலைப்பக்கத்துப் பழைய கல் வீடுகளைப் பிடித்து, விடுமுறைக்குப் போய் உட்காருகிற பணக்காரர்கள். வந்ததும் முதல் கேள்வி, "எத்தனை டன் பாய்?"

ஏசி வாங்கியே பழகிய வாய்கள்.

"டன்னா? யானைக்கா வாங்குறீங்க?" என்பார் ஹபீப். பிறகு தன் கேள்விகளைக் கேட்பார். சுவர் என்ன கனம்? கூரை என்ன உயரம்? ஜன்னல் இடுக்கில் காற்று வருகிறதா? ஒரு அறைக்கா, வீடு முழுக்கவா? பழைய வீடு ஒவ்வொன்றும் ஒரு குணம். ஓட்டையும் உயரமுமாக இருக்கிற வீடு எவ்வளவு போட்டாலும் தின்னும். கனத்த சுவரும் தாழ்ந்த கூரையுமாக இருக்கிற வீடு மெதுவாகச் சூடேறும், ஏறிவிட்டால் விடாது. அதற்குச் சின்ன அடுப்பே போதும். இதையெல்லாம் சொன்னால், வந்தவர் சோபாவில் எத்தனை பேர் உட்காரலாம் என்று பதில் சொல்வார். ஹபீப் அவரை மேலும் கீழும் பார்த்து, அவருடைய தலைக்குள் எத்தனை பேர் உட்காரலாம் என்பதையும் சொல்லி அனுப்பிவிடுவார்.

இந்த வாயால் போன வாடிக்கையாளர்கள் ஏராளம். ஒரு கூட்டாளி போனார். விசாவுக்குப் பொறுப்பேற்ற அரபி கபீல் ஒருவர் கோபித்துக்கொண்டு விசா மாற்ற வைத்தார். மூத்த மகளுக்குப் பேசிய முதல் சம்பந்தம், மாப்பிள்ளையின் தாய்மாமனுடைய அறிவைப் பற்றி ஹபீப் சொன்ன ஒரு வாக்கியத்தோடு முடிந்தது.

இப்போது இளையவள் மாஹிராவின் முறை. துபாயில் கணக்குத் தணிக்கை வேலை பார்ப்பவள். சாகிர் என்ற பையனைத் தானே பார்த்து, தானே பேசி, வாப்பாவிடம் வந்து சொன்னாள். பையன் பரவாயில்லை. அவனுடைய வாப்பாதான் செய்கு முகம்மது.

துபாய் தேரா கடைவீதியில் மொத்த வியாபாரம் செய்யும் செய்கு முகம்மது, எதையும் அகலத்தால் அளக்கிற மனிதர். அகலமான கார், அகலமான வாட்ச், அகலமான சிரிப்பு. மசாஃபியில் ஒரு பழைய கல் வீட்டை நீண்ட வாடகைக்கு எடுத்திருந்தார். இரண்டு குடும்பத்துப் பெரியவர்களும் அங்கே கூடி நிக்காஹ் தேதி குறிப்பதாக ஏற்பாடு. அந்த வீட்டுக்கு அடுப்பு, பெண் வீட்டுச் சீராகப் போக வேண்டும்.

கடைக்கு வந்தவர் நேராக மூலையில் இருந்த ராட்சத அடுப்பின் தலையில் தட்டினார். உணவு விடுதிக்காகத் தருவித்து, அவர்களே வேண்டாம் என்று விட்டுப்போன சாமான் அது.

"இது அனுப்புங்க சம்பந்தி."

"அது ஆஸ்பத்திரி வார்டுக்கே கூடுதல் சம்பந்தி. உங்க அறை சின்னது. நான் போய் அளந்துட்டு வந்தேன். சுவரு ரெண்டு முழம் கனம், கூரை கைக்கு எட்டுது. இதைப் போட்டா ஆளு வெந்துடுவான். வேகாம இருக்கக் காத்தை அடைச்சா விறகு புகைஞ்சு குழாயெல்லாம் தாரு புடிக்கும். அப்புறம் அந்தக் குழாயே ஒருநா தீப்புடிக்கும்."

செய்கு முகம்மது சிரித்தார். "நம்ம ஊருல பொண்ணு வீட்டுச் சாமான் தெருவுல போனா எத்தனை வாசல் எட்டிப் பாக்கும்? கையில தூக்கிட்டுப் போற மாதிரி ஒண்ணை அனுப்பினா என் மக்கமாரு, சொந்தபந்தம் எல்லாம் என்ன பேசுவாங்க? சூடு கூடினா ஏசியைப் போட்டுக்கலாம். நம்மட்ட ஏசி இல்லையா?"

ஹபீப் வாயைத் திறந்தார். கூட வந்திருந்த சாகிர் தரையைப் பார்த்தான். வாப்பா பேசும்போதெல்லாம் தரையைப் பார்க்கிற பிள்ளை. இவனுக்கு முதுகெலும்பு வைக்க அல்லாஹ் மறந்துவிட்டான் என்று ஹபீப் நினைத்துக்கொண்டார். நினைத்ததோடு நிறுத்தியது அன்றைய அதிசயம்.

வீட்டில் மாஹிரா கதவை அடைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "வாப்பா, ராத்தாவோட சம்பந்தத்துல நீங்க சொன்னது உண்மைதான். உண்மையை வச்சு என்ன செஞ்சோம்? எனக்கு சாகிர் வேணும். தேதி குறிக்கிற அன்னிக்கு ஒரு நாள், ப்ளீஸ், வாயைத் திறக்காதீங்க."

"முட்டாளு எதிர்ல உக்காந்து முட்டாள்தனம் பேசினா?"

"பேரீச்சம்பழம் வச்சிருப்பாங்க. எடுத்து வாயில போட்டுக்கங்க."

பெரிய அடுப்பை அனுப்பினால் மகளின் மாமனார் வீடே புகையும். சின்னதை அனுப்பினால் சம்பந்தம் புகையும். ஹபீப் ஒரு நாள் முழுக்க யாரையும் திட்டாமல் இருந்ததைப் பார்த்து, கடையின் வெல்டர் சோலைமுத்து பயந்துபோய் டீ வாங்கிவந்தான்.

"சோலை, நம்ம சின்ன அடுப்பு இருக்குல்ல. அதைச் சுத்தி ஒரு தகடு கூடு போடு. அந்த ராட்சசன் அகலத்துக்கு."

"உள்ள?"

"உள்ள ஒண்ணுமில்ல. காத்து."

"பாய், இது அடுப்பா, மாப்பிள்ளை வீட்டுக்காரரா?" என்றான் சோலைமுத்து. ஹபீப் சிரிக்கவில்லை. ஆனால் பித்தளைக் குமிழ்கள் ஒன்றுக்கு நாலாக வைக்கச் சொன்னார். கீழே காற்று நுழையவும் மேலே சூடு வெளியேறவும் வரிசையாகத் துளை போட்டார்கள். நடுவில் சின்னக் கண்ணாடிக் கதவு; அதற்குப் பின்னால் அசல் அடுப்பு. இரண்டு பக்கமும் வெறும் கூடு.

தேதி குறிக்கிற அன்று மாலை மலைக்காற்று காதைக் கிள்ளியது. உள்ளே சமர் என்கிற பாலைவனத்து வேல விறகு நீலமாக எரிந்தது. கல் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு வாங்கி, அறை இதமாக இருந்தது. செய்கு முகம்மது ஒவ்வொரு விருந்தாளியையும் அடுப்பு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"சம்பந்தி சின்னது போதும்னாரு. நான்தான் விடல. சின்னது வச்சிருந்தா இந்நேரம் எல்லாரும் நடுங்கிட்டு உக்காந்திருப்போம். தொழில்ல இருக்கிறவங்களுக்குச் சில நேரம் தொழில் தெரியாது. என்ன சம்பந்தி?"

ஹபீப் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார்.

அடுத்த விருந்தாளிக்கு அதே பேச்சு. அடுத்த பழம். வாசலில் நின்ற மாஹிரா தட்டு காலியாவதைப் பார்த்து இன்னொரு தட்டு அனுப்பினாள்.

பிறகு செய்கு முகம்மதுவுக்கு உற்சாகம் ஏறி, ஒரு கை விறகை அள்ளிவந்தார். கண்ணாடிக் கதவுக்குள் இரண்டு கட்டைக்கு மேல் நுழையவில்லை. "இவ்வளவு பெரிய அடுப்புக்கு வாய் மட்டும் ஏன் இவ்வளவு சின்னது?" என்று கேட்டவர், பக்கவாட்டுத் தகட்டை விரலால் தட்டினார். காலி டின் போலச் சத்தம் வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹபீபின் நாக்கு நுனியில் ஒரு பதில் வந்து நின்றது. வாழ்நாளிலேயே சிறந்த பதில். வாயில் இரண்டு கொட்டைகள் இருந்தன.

"வாப்பா," என்றது ஒரு குரல். சாகிர், தரையைப் பார்க்காமல். "அது காத்து ஓடுற இடம். பெரிய அடுப்புக்கெல்லாம் அப்படித்தான் இருக்கும். ரெண்டு கட்டைக்கு மேல வச்சா கண்ணாடி வெடிச்சிடும்னு மாமா சொன்னாங்க." ஹபீப் அப்படி எதுவும் சொல்லவில்லை. சாகிர் ஒரு கனத்த நாற்காலியை இழுத்து, தகட்டின் குளிர்ந்த மூலையை மறைத்துப் போட்டு, அதில் உட்கார்ந்துகொண்டான்.

"ஆமா சம்பந்தி," என்றார் ஹபீப், கொட்டைகளைத் துப்பிவிட்டு. "பெரிசுன்னா கொஞ்சம் காலி இருக்கத்தான் செய்யும்."

செய்கு முகம்மது திருப்தியாகத் தலையாட்டினார். ஃபாத்திஹா ஓதி, தேதி குறித்தார்கள்.

திரும்பும் வழியில் மாஹிரா கார் ஓட்டினாள். மலை முடிந்து சமவெளி வந்ததும் ஹபீப் ஜன்னலை இறக்கினார். ஆரம்பித்தார். செய்கு முகம்மதுவின் வாட்சில் தொடங்கி, அவருடைய மக்கமார், ஏசி, தொழில் ஞானம், விறகு அள்ளிவந்த விதம் என்று ஒன்று விடாமல், தைத் என்ற ஊர் வரும் வரைக்கும் திட்டினார். ஒட்டகங்கள் சாலையோர வேலிக்குப் பின்னால் நின்று கேட்டன.

தைத் ரவுண்டானாவில் மூச்சு வாங்கினார். "அந்தப் பய தேறுவான்."

"எந்தப் பய?"

"நாற்காலியைப் போட்டானே, அவன்." ஜன்னலைப் பாதி ஏற்றினார், மறுபடி இறக்கினார். "அதுக்காக அவங்க வாப்பாவை விட்டுருவேன்னு நினைக்காதே," என்று மறுபடி வாட்சிலிருந்து ஆரம்பித்தார்.