நோன்பு முடிந்த மறுவாரம்

ஐம்பதுகளின் தொடக்கம். செங்கல்பட்டு. பள்ளிக்கூடம் திறந்த பிறகும் வெயில் இறங்காமல் நின்ற ஒரு ஜூன் மாதம். அப்பா காய்ச்சலில் போய்விட, ரயில்வேயில் வேலை பார்த்த சித்தப்பா என்னைத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கூட்டி வந்து நான்காம் பாரத்தில், இன்றைய ஒன்பதாம் வகுப்பில், சேர்த்திருந்தார். அம்மா ஊரிலேயே இருந்தாள்.

நான் வாயைத் திறந்தால் வகுப்பு சிரிக்கும். "ஏலே" என்று ஒருவன் ஆரம்பிப்பான். பெஞ்சு பெஞ்சாக அது கடைசி வரை போகும். பேச்சை விட்டேன். பிறகு சிரிக்கவும் ஆளில்லை. அது இன்னும் மோசம். மதிய மணி அடித்ததும் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு கொளவாய் ஏரிக்கரைக்குப் போய்விடுவேன். தண்ணீர், கொக்கு, தூரத்தில் ரயில். தெற்கே போகும் ஒவ்வொரு ரயிலும் என்னை மட்டும் விட்டுவிட்டுப் போவதாகத் தோன்றும்.

ஒரு நாள் டப்பாவைத் திறக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். என் வகுப்புப் பையன் ஒருவன் வந்து பக்கத்தில் குந்தினான். அவன் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. வீடு பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச் சந்து. தினமும் வீட்டுக்கு ஓடிச் சாப்பிட்டு வருகிறவன்.

"இன்னாடா, நீயும் நோன்பா?"

ரமலான் மாதம் என்பது அப்போதுதான் உறைத்தது. சாப்பாடில்லாத மதியத்தை எங்கே கழிப்பது என்று தெரியாமல் வந்திருக்கிறான். டப்பாவை முதுகுக்குப் பின்னால் தள்ளினேன்.

"அத்த ஏன் மறைக்கிற? துன்னு. நீ துன்றதால என் நோன்பு முறியாது. நீ பேசாம குந்திகினு கீறதுதான் பேஜாரு."

"நீ பட்டினியா கெடக்கும்போது நான் எப்படில திங்க?"

சொல்லிவிட்டுச் சிரிப்புக்காகக் காத்திருந்தேன். அவன் சிரிக்கவில்லை.

"ஷோக்கா கீது. இன்னொரு தபா சொல்லு."

நோன்பு முடியும் வரை தினமும் வந்தான். உதடு வறண்டு வெடித்திருக்கும். "இன்னா கொழம்பு? வாசன வர்து. மோந்தா தப்பில்லதானே?" என்று அவனே கேட்டு அவனே சிரிப்பான். நான் பேசினேன். ஆற்றைப் பற்றி, அம்மாவைப் பற்றி, அப்பா போன அந்த விடியலைப் பற்றியும்கூட.

பெருநாளுக்கு அவர்கள் கோவளத்தில் மாமா வீட்டுக்குப் போனார்கள். ஏரிக்கரை மறுபடி பழைய ஏரிக்கரை. அந்த வெறுமையில்தான் ஒன்று புரிந்தது: இனி அவனுக்கு வீட்டில் சுடச்சுடச் சோறு இருக்கிறது. இங்கே என்ன இருக்கிறது?

அடுத்த வாரம் வகுப்புக்கு வந்தான். மணி அடித்ததும் திரும்பிப் பார்க்காமல் வீட்டுப் பக்கம் ஓடினான். அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். படிப்பு போதும், ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று சாயங்காலம் சித்தப்பாவிடம் சொல்லிவிடுவது. ஏரியைப் பார்த்தபடி அந்த வார்த்தைகளை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரைமேட்டில் யாரோ ஓடிவரும் சத்தம். அவன்தான். கையில் ஒரு டப்பா.

"அம்மா ஒரே திட்டு. எதிர்த்தாப்ல வூட்ட வெச்சிகினு எவனாச்சும் டப்பா கட்டினு போவானான்னு." மூச்சு வாங்க உட்கார்ந்து மூடியைத் திறந்தான். சேமியா. "உனக்குத்தான். துன்னுலே."

அந்த 'லே' அவன் வாயில் கோணலாக வந்தது. இந்த ஊரில் முதல் தடவையாக அது எனக்கு வலிக்கவில்லை.

அன்று சாயங்காலம் சித்தப்பாவிடம் நான் எதையும் சொல்லவில்லை.

பிறகு எத்தனையோ ஊர்களில் தனியாகச் சாப்பிட்டாயிற்று. ஆனாலும் மதியச் சோற்றின் முன் ஒரு கணம் கை நிற்கிறது, ஓடிவரும் அந்தக் காலடிக்காக, ஒரு முறை அது வந்தது என்பதாலேயே.