துவைக்கிற கல்லில் மழுக்கிய கோடாலி

பெண்பிள்ளை கோடாலியைத் தொடக் கூடாது என்று எந்தச் சாமியும் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. சொன்னவர்கள் எல்லாம் மனுஷர்கள். அதிலும் எங்கள் தெரு மனுஷர்கள். இதை அப்போதே அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னேன். இப்போது எழுதியும் வைக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் முதலியார்பேட்டையில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு மில்லில் வேலை. ஒரு மாசி மாதம் அவருக்கு மஞ்சள் காமாலை கண்டது. கண் மஞ்சள், நகம் மஞ்சள், துடைத்த துண்டும் மஞ்சள். ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்து வீட்டுக்கு வந்த பிறகும் எழுந்து உட்கார முடியவில்லை. அதுவரை வீட்டுக்கு விறகு பிளந்தவர் அவர்தான். விறகுத் தொட்டி என்கிற விறகுக் கடையிலிருந்து சவுக்குக் கட்டை வந்து இறங்கும். ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் நின்று பிளந்து அடுக்கிவிடுவார். இப்போது பத்தியக் கஞ்சிக்கும் வெந்நீருக்கும் நாள் முழுக்க அடுப்பு எரிய வேண்டியிருந்தது. பிளப்பதற்கு ஆள் இல்லை. சுவரில் சாய்ந்திருந்த கோடாலியை நான் எடுத்தேன்.

முதல் நாள் கோடாலி கட்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மெல்லிய வாய் அல்லவா, இறங்கத் தெரிகிறது, விலக்கத் தெரியவில்லை. கட்டையும் கோடாலியுமாகத் தூக்கித் தரையில் அடித்து, அசைத்து, பிடுங்கி மறுபடி ஓங்கினேன். பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள்.

"ஏய், இன்னாடி இது ஆம்பள வேலை? தொட்டியில சொன்னா ஒரு ஆளு வந்து பொளந்துட்டுப் போறான்."

"என் அடுப்புக்கு நான் பொளக்கிறேன். உனக்கு எங்க வலிக்குது?"

பத்து நாளில் கை பழகிவிட்டது. கட்டையின் தலையில் காய்ந்த வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அந்தப் பக்கமே போட வேண்டும். நடுவில் போட்டால் மாட்டிக்கொள்ளும். ஓரத்திலிருந்து உரித்துக்கொண்டு வர வேண்டும். இதை யாரும் சொல்லித் தரவில்லை. கொப்புளம் சொல்லித் தந்தது.

ஒரு நாள் காலை வீட்டுக்காரருக்குக் கஞ்சித் தண்ணீரும் தங்கவில்லை. தெருக் கோடி அம்மன் கோயிலுக்கு ஓடினேன். மற்றவர்கள் பொன் போடுவார்கள், மொட்டை அடிப்பார்கள். எனக்கு அந்த நேரத்தில் என் கைதான் கண்ணில் பட்டது. "ஆத்தா, இந்த மனுஷனை எழுப்பி நடக்க வச்சுடு. ஆடியில உனக்குக் கூழ் காய்ச்சுற வெறகை என் கையால பொளந்து போடறேன்" என்று வேண்டிக்கொண்டேன். சித்திரையில் அவர் எழுந்து நடந்தார். வைகாசியில் மில் சங்கு ஊதியதும் டிபன் பாக்ஸோடு கிளம்பினார். ஆத்தா செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாள்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கி வந்தவர் ஒருவர் இருந்தார். முதுகுக்குப் பின்னால் அவர் 'சொல்தா', அதாவது சிப்பாய்; நேரில் 'முசே', அதாவது ஐயா. அவர் அங்கிருந்து ஒரு கோடாலித் தலையைக் கம்பளியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, இங்கே வேலங்காம்பு போட்டிருந்தார். ஒரு பக்கம் வாய், மறு பக்கம் சம்மட்டி மாதிரித் தட்டை. வாயும் மெல்லியதாக இல்லை. பல் வலி வந்த கன்னம் போல வீங்கியிருக்கும். அவர் அதை 'மெர்லேன்' என்பார். நாங்கள் குண்டுக் கோடாலி என்போம்.

விறகுத் தொட்டியில் கட்டை பிளக்கிறவருக்கு அதைக் கண்டாலே சிரிப்பு.

"இன்னா முசே, அம்மிக் குழவிக்குக் காம்பு போட்டு வச்சிருக்கீங்க?"

"தூக்கிப் பாத்துட்டுப் பேசு."

"தூக்கணும்னா அதுக்கே ஒரு வேளை சோறு தின்னணும். கோடாலின்னா வாய் வேணும் முசே. இது வெறும் கன்னமா இருக்குது."

"கன்னம்தான்டா பொளக்குது. வாய் வெட்டுறதோட சரி."

"முசே, நான் ஒரு தரம் போட்டுப் பாக்கறேன்" என்றேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். முதல் அடி என் கால் விரலுக்கு அரை சாண் தள்ளி மண்ணில் விழுந்தது. பிளக்கிறவர் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்காக நான் விடவில்லை. இரண்டு கோடாலியையும் வைத்துக்கொண்டு முசே கொல்லையில் கிடந்ததையெல்லாம் போட்டுப் பார்த்தேன். நேரான சவுக்குக்கு நம் கோடாலிதான். இரண்டே போடு, தோளும் வலிக்காது. குண்டுக் கோடாலியில் போட்டால் துண்டு கிணற்றடி வரை பறக்கிறது, வீண் கனம். கணு விழுந்த பூவரசில் நம் கோடாலி நாலு தரம் மாட்டியது; குண்டுக் கோடாலி மாட்டவே இல்லை, மோதி மோதி ஐந்தாவது அடியில் கட்டையை இரண்டாக விலக்கிவிட்டது. முருங்கைக் கட்டையிலோ அது மெத்தையில் விழுந்தது போலத் துள்ளியது.

"ரெண்டு பேருக்கும் பாதிதான் தெரியும்" என்றேன். இரண்டு பேருக்குமே அது பிடிக்கவில்லை.

ஆடி பிறந்தது. கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கு முந்தைய வியாழக்கிழமை, கோயில் காரியம் பார்க்கிறவரிடம் போய் என் வேண்டுதலைச் சொன்னேன்.

"நல்லதும்மா. ரெண்டு கட்டு வெறகு வாங்கிக் குடுத்துடு."

"வாங்கிக் குடுக்கறேன்னு வேண்டலீங்க. பொளந்து போடறேன்னு வேண்டியிருக்கேன்."

"பொம்பள கோடாலியோட கோயிலுக்கு வர்றதா? அந்த வழக்கம் இங்க இல்ல."

"உள்ள நிக்கிறாளே, அவ கையில சூலமும் கத்தியும் இருக்குதே. அவ இன்னா ஆம்பளையா?"

சுற்றி நின்றவர்களில் சிலர் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. கோயிலுக்குப் பின்னால் ஒரு புளியங்கட்டை பல மாதமாகக் காய்ந்து கிடந்தது. மரத்தின் அடிப்பாகம், முழுக்கக் கணு. தொட்டியில் பிளக்கிறவரே தன் கோடாலியால் முட்டிப் பார்த்துக் கைவிட்டது. காரியம் பார்க்கிறவர் அதைக் காட்டினார்.

"இதைப் பொள. ஞாயித்துக்கிழமை அடுப்பு மூட்டறதுக்குள்ள பொளந்தா, இதுதான் மொத வெறகு. பொளக்கலேன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, "அது புளி. இழையெல்லாம் முறுக்கிக்கினு இருக்கும். தோள் போயிடும்" என்றார்.

"நீங்க போயிருந்தா?" என்றேன். 

புளிக்கு என் கோடாலி போதாது என்று எனக்குத் தெரியும். முசேயிடம் போனேன். "அவன் விட்டுட்டுப் போன கட்டையா? எடுத்துட்டுப் போம்மா, எடுத்துட்டுப் போ!" என்று சந்தோஷமாகத் தூக்கிக் கொடுத்தார்.

அடுத்து நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் வெட்கம்தான். வெள்ளிக்கிழமை தெருவில் சாணை பிடிக்கிறவர் வந்தார். சாமி காரியத்துக்கு மழுங்கின இரும்பையா கொண்டுபோவது என்று, குண்டுக் கோடாலியை அவரிடம் நீட்டினேன். "யாரும்மா இதை இப்படிப் போட்டுக் கெடுத்து வச்சது?" என்று அவர் நெருப்புப் பொறி பறக்கச் சக்கரத்தில் பிடித்தார். எலுமிச்சம்பழத்தை அறுக்கிற அளவுக்கு வாய் வந்துவிட்டது. உண்மையாகவே ஒரு பழத்தை அதில் அறுத்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சாமி படத்துக்குக் கீழே சாய்த்து வைத்தேன்.

சனிக்கிழமை காலை வீட்டு முன்னால் ஒரு பூவரசுக் கணுவில் போட்டுப் பார்த்தேன். 'சதக்' என்று இறங்கி நின்றுவிட்டது. பிடுங்கவே வரவில்லை. வீட்டுக்காரர் காலால் மிதித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தார். அந்த நேரத்தில் முசே வந்தார்.

"மோன் தியே! கடவுளே! யாரு வேலை இது?"

"கூரா இருந்தா நல்லதுன்னுதான் முசே..."

"கத்திக்குத்தான் கூரு. இது ஆப்பு மாதிரிம்மா. தடிமன்தான் கட்டையைத் தள்ளி விலக்கும். ஆப்புக்கு யாராவது சாணை பிடிப்பாங்களா? இப்ப இது உன் கோடாலியேதான். கனம் மட்டும் கூட."

தெருவில் போன தொட்டிக்காரர், அந்தக் கட்டை பிளக்கிறவர்தான், வாசலில் நின்று, "முசே, உங்க குழவிக்கு இப்பத்தான் வாய் முளைச்சிருக்கு" என்றார். முசே கோடாலியைத் தொட்டும் பார்க்காமல் போய்விட்டார். தொட்டிக்காரரின் பேச்சு எனக்குப் பெரிதில்லை. முசே அப்படிப் போனதுதான் சுட்டது.

சாணை பிடிக்கிறவரை அடுத்த தெருவில் தேடிப் பிடித்தேன். "இதைக் கொஞ்சம் மழுக்கிக் குடுங்க."

"இன்னாது? இத்தனை வருஷமாக் கூர் வைக்கிறவன் நான். இன்னைக்கு மழுக்கினேன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் எனக்குக் கத்தி குடுப்பான்? போம்மா, வேலையைக் கெடுக்காத."

திரும்பி வந்தேன். கொல்லையில் துவைக்கிற கருங்கல் இருந்தது. அதன் மேல் ஈர மணலைக் கொட்டினேன். கோடாலியைக் காம்போடு மடியில் கிடத்தி, வாயைக் கல்லில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். ஒரு தேய்ப்புக்கு ஒரு தரம் ஆத்தா பெயர். மெல்லிசான விளிம்பு முழுக்கப் போக வேண்டும், கன்னம் மட்டும் நிற்க வேண்டும். மதிலுக்கு மேல் நாலு தலை வந்தது.

"ஊர்ல எல்லாரும் கூர் தீட்டுவாங்க, இவ மழுக்கறா பாரு. காமாலை இவ தலைக்கு ஏறிடுச்சு போல."

"ஆமா, மழுக்கறேன். நல்லாப் பாத்துக்கோ. நாளைக்குக் கோயில்லயும் வந்து பாரு."

சோறு வடித்தது வீட்டுக்காரர். விளக்கு ஏற்றுகிற நேரத்துக்குக் கட்டைவிரலை வைத்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு போனது. கொண்டுபோய் முசேயிடம் காட்டினேன். அவரும் விரலை வைத்துப் பார்த்தார். "கொஞ்சம் அதிகமாவே மழுக்கிட்டே" என்றார். பிறகு, "பரவாயில்ல. நாளைக்கு நானும் வர்றேன்" என்றார்.

ஞாயிறு காலையில் தலைக்குக் குளித்து, ஈரப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கோடாலியையும் தூக்கிக்கொண்டு தெருவோடு நடந்தேன். கோயிலுக்குப் பின்னால் பாதித் தெரு நின்றிருந்தது. ஆத்தா இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, முதலில் என் கோடாலியை எடுத்தேன். ஓரத்தில் இருந்த வெளிர் மரத்தைச் சுற்றிச் சுற்றிச் சில்லு சில்லாக உரித்தேன்.

"நடுவுல போடு! ஓரத்துல இன்னா கீரையா ஆயற?" என்றார் தொட்டிக்காரர்.

"அது உங்க கோடாலி மாட்டின எடம். நீங்களே வச்சுக்குங்க" என்றேன்.

சுற்றிலும் உரித்த பிறகு, வைரம் பாய்ந்த கருத்த நடுமரம் மட்டும் நின்றது. அதில் என் கோடாலி இனிச் செல்லாது. குண்டுக் கோடாலியை எடுத்தேன். கை பலத்தால் அதை அடிக்க முடியாது. தலைக்கு மேல் கொண்டுபோய் அதன் கனத்தை அதுவாக விழ விட வேண்டும். கட்டையின் தலையில் ஒரு மயிரிழை வெடிப்பு ஓடியது. அதன் மேலேயே விட்டேன். 'டொம்'. மறுபடி 'டொம்'. கட்டை ஊமை போல இருந்தது. காரியம் பார்க்கிறவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "போதும்மா, அடுப்புக்கு நேரமாகுது" என்றார்.

"அடுப்பு மூட்டலையே இன்னும்" என்று ஓங்கினேன்.

எத்தனை அடி என்று தெரியாது. தோளில் உணர்வே இல்லை. ஒரு அடியில் சத்தம் மாறியது. 'டொம்' போய் 'டக்' என்று கேட்டது. உள்ளே விட்டுக்கொடுத்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அந்தச் சத்தம் முசேக்கும் புரிந்தது, தொட்டிக்காரருக்கும் புரிந்தது. அடுத்த அடியில் கட்டை கிழிந்து விலகியது. அழகாக இரண்டாகவெல்லாம் இல்லை. நார் நாராக, நரம்பு தொங்க, கோணலும் மாணலுமாக.

"சரி, எடுத்து வை" என்றார் காரியம் பார்க்கிறவர். அவ்வளவுதான். கூழ்ப் பானைக்கு அடியில் முதல் விறகை நான் வைத்தேன். புடவையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன், புகை என்று சொல்லிக்கொண்டேன்.

கூழ் வாங்கும்போது அவர் சொன்னார்: "வேண்டுதல் முடிஞ்சுதில்ல? அடுத்த வருஷம் பழைய வழக்கம்தான்."

 சொம்பை நீட்டினேன், வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த ஆடி வந்தது. வேண்டுதல் ஒன்றும் இல்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. முசேயிடம் குண்டுக் கோடாலியை வாங்கி, இரண்டு கோடாலியையும் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போனேன். சவுக்கையெல்லாம் தொட்டிக்காரர் பிளந்து அடுக்கிவிட்டிருந்தார். ஒரு புளியங்கட்டை மட்டும் தள்ளித் தனியாகக் கிடந்தது. அதில் ஒரு வெட்டுக் கூட விழவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

புடவையை இழுத்துச் செருகினேன்.