கருத்து எடுத்த வீடியோ

எங்கள் லிஃப்ட் சர்வீஸ் கம்பெனியில் அவரை எல்லோரும் 'கருத்து' என்றுதான் கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரு கருத்து இருக்கும், கேட்காவிட்டாலும் இருக்கும். லிஃப்ட் கூண்டின் மேலே ஏறி உட்கார்ந்து கேபிளுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருப்பார். மழையைப் பற்றியும் முதலாளியின் புது காரைப் பற்றியும் இருட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் இறங்கி வரும். கீழே நின்று டார்ச் பிடிக்கிறவன் 'ம்' கொட்டினால் போதும்.

அவருக்கு மிகவும் பிடித்த விஷயம் போன். கையில் கிரீஸ் இருந்தால் மூக்கு நுனியால் திரையைத் தள்ளிப் பார்க்கிற ஆள். எந்த ஆப் எதைக் கேட்டாலும் 'சரி, சரி' என்று அழுத்திவிடுவார். படித்துப் பார்க்கச் சொன்னால் சிரிப்பார்.

அவருடைய மச்சினன் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்தால் இரண்டு பேருக்கும் இதில்தான் வாக்குவாதம்.

"மாமா, நீங்க செருப்பு வாங்கணும்னு வாயால சொன்னது கூட ஆப்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க. விளம்பரம் வருது."

"நல்லதுதானே மாப்ளே. கடை கடையா அலைய வேண்டாம். ஓசியில இவ்வளவு குடுக்கிறான், நம்மளப் பத்தி ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கிட்டுப் போகட்டுமே. என் போன்ல என்ன இருக்கு? லிஃப்ட் மோட்டார் போட்டோ, சொந்தக்காரங்க அனுப்புற குட் மார்னிங். இதத் திருடிட்டுப் போய் அவன் என்ன கோட்டையா கட்டப் போறான்?"

"உங்களைப் பத்தி மட்டும்னா பரவாயில்ல மாமா. உங்க போன்ல இருக்கிற எல்லாரைப் பத்தியும்தான்."

"எல்லாரும் நம்ம ஆளுங்கதானே."

இந்தப் பேச்சு ஓடும்போது அவர் மனைவி சமையலறையில் இருந்தபடி, "ரெண்டு பேரும் கத்துறத நிறுத்தினா சாப்பாடு போடுறேன்" என்பார். சத்தம் போட மாட்டார். ஆனாலும் தெருவரைக்கும் தெளிவாகக் கேட்கும். அப்படி ஒரு குரல் அந்தம்மாவுக்கு.

அந்தக் குரல்தான் அவருக்கு வேலை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கூடத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து டோக்கன் நம்பர் கூப்பிடுவார். எந்த அறை, எந்த டாக்டர், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று நிறுத்தி நிதானமாகச் சொல்வார். காது மந்தமானவர்கள்கூட முதல் தடவையிலேயே எழுந்துவிடுவார்கள். பயந்துபோய் வந்து உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அந்தக் குரலைக் கேட்டால் கொஞ்சம் மூச்சு திரும்பும். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் 'டோக்கன் அக்கா'. வீட்டில் கண்ணாடி முன் நின்று புடவை சரிசெய்வதைவிட, வெந்நீர் குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொள்ள அதிக நேரம் எடுப்பார் என்று கருத்து எங்களிடம் கேலியாகச் சொல்வதுண்டு. கேலிக்குள் பெருமையும் இருக்கும்.

ஒரு நாள் அந்தம்மாவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். அதே ஆஸ்பத்திரியின் பல் பிரிவில்தான். மரத்துப்போக ஊசி போட்டு, பல்லை எடுத்து, பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரு கன்னம் பன் மாதிரி வீங்கி, உதடு ஒரு பக்கமாகத் தொங்க வீட்டுக்கு வந்தார். மாத்திரை வாங்க வேண்டும், மருந்துச் சீட்டைக் காணவில்லை. கணவரிடம்தான் கொடுத்திருந்தார்.

"மழுந்து ஷீத்த எங்க வஷ்ஷீங்க?" என்றார்.

கருத்துவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஊருக்கே தெளிவாகச் சொல்லும் வாய் இப்படிக் குழறுவதை அவர் பார்த்ததே இல்லை. போனை எடுத்துவிட்டார். "இன்னொரு தடவ சொல்லு, இன்னொரு தடவ" என்றார். அந்தம்மா ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டி, கண்ணை உருட்டி, "எங்க வஷ்ஷீங்க?" என்று மறுபடி கேட்டார். அதைக் கருத்து குடும்ப குரூப்பில் போட்டார். வெளியூரில் படிக்கும் மகள் வரிசையாகச் சிரிக்கும் முகங்களை அனுப்பினாள். சித்தி, பெரியப்பா, ஒன்றுவிட்ட தங்கை என்று எல்லோரும் சிரித்தார்கள்.

"அனுப்பித்தீங்களா?" என்று அந்தம்மா கேட்டார்.

"நம்ம ஆளுங்களுக்குத்தானே," என்றார் இவர். பிறகு மருந்துச் சீட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

நம்ம ஆளுங்களில் யாரோ ஒருவர் தன் சிநேகிதருக்கு அனுப்பியிருக்கிறார். அங்கிருந்து எங்கே போனது, யார் கையில் விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. கொஞ்ச நாளில் லட்சக்கணக்கான பேர் பார்க்கும் ஒரு பக்கத்தில் அது வந்தது. யாரோ பின்னணி இசை சேர்த்தார்கள். இன்னொருவர் அந்தம்மாவின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, கீழே 'எங்க வஷ்ஷீங்க?' என்று கொட்டை எழுத்தில் போட்டு ஸ்டிக்கர் ஆக்கினார். அதற்கப்புறம் அது காட்டுத்தீ. சாவி தொலைந்தால் அது, சம்பளம் வராவிட்டால் அது, தேர்தல் வாக்குறுதியைப் பற்றிச் செய்தி வந்தால் அதற்குக் கீழேயும் அது.

ஆரம்பத்தில் கருத்துவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. டீ குடிக்கும் இடத்தில் போனை நீட்டி எங்களிடம் காட்டினார். முகத்தைப் பார்த்து எங்களில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை, கன்னம் அவ்வளவு வீக்கம். "யார்னு சொல்லு பாப்போம்" என்று கேட்டாரே தவிர, அவரும் அன்று சொல்லவில்லை. "இன்டர்நெட்டுன்னா அப்படித்தான். நாலு நாள் சிரிப்பானுங்க, அஞ்சாம் நாள் வேற கூத்து வந்திடும்" என்று ஒரு கருத்தும் சொல்லி வைத்தார்.

எங்களுக்கு அடையாளம் தெரியாத முகம் ஆஸ்பத்திரியில் தினமும் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிட்டது. முதலில் பின் வரிசையிலிருந்து ஒரு குரல். அந்தம்மா நம்பரைச் சொல்லி முடித்ததும், "எங்க வஷ்ஷீங்க?" என்றது. கூடம் முழுக்கச் சிரிப்பு. அந்தம்மா அடுத்த நம்பரைக் கூப்பிட்டார். மறுநாளிலிருந்து சிலர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பக்கத்தில் வந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஒரே ஒரு தடவ சொல்லிக் காட்டுங்கக்கா, பாப்பா சாப்பிடவே மாட்டேங்குது" என்று கெஞ்சினாள். அவளுக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. அன்று மதியம் டோக்கன் அக்கா மேற்பார்வையாளரிடம் போய், தன்னை மைக்கிலிருந்து மாற்றிவிடச் சொன்னார். பழைய கேஸ் கட்டுகளை அடுக்கி வைக்கும் பின்னறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஜன்னல் இல்லை, ஆனால் யாரும் வரவும் மாட்டார்கள்.

இதில் ஒரு வார்த்தையைக்கூட அவர் வீட்டில் சொல்லவில்லை.

அந்த ஆஸ்பத்திரி லிஃப்டும் எங்கள் கம்பெனி பராமரிப்பில்தான் இருந்தது. வழக்கமாக வேறொருவர் போவார். அவர் விடுப்பில் இருந்ததால் அன்று கருத்து போனார். கூடத்துக்குள் நுழைந்ததும் மைக்கில் வேறு யாரோ கூப்பிடுவது காதில் விழுந்தது. மூக்கால் பேசும் ஒரு குரல். மனைவிக்கு உடம்பு சரியில்லையோ என்று பதறிப்போய், லிஃப்ட் பக்கத்தில் நின்ற காவலாளியிடம் கேட்டார்.

"வழக்கமா கூப்பிடுற அம்மா எங்கப்பா?"

"அந்த ஸ்டிக்கர் அம்மாவா? அவங்க மைக்க விட்டுட்டாங்க சார். உள்ள எங்கயோ ஃபைல் அடுக்குறாங்க. பாவம், நல்ல மனுஷி. தாங்கல போல."

கருத்து அவன் முகத்தையே பார்த்தார். அவருக்கு விஷயம் புரியவில்லை என்று நினைத்து காவலாளி போனை எடுத்து அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினான்.

"இதுதான் சார். வெளியாளு எவனும் எடுத்ததில்ல. வீட்டுக்காரனேதான் எடுத்துப் போட்டிருக்கான். பின்னாடி அவன் சிரிக்கிறது கேக்குது பாருங்க."

கருத்து அந்த வீடியோவை எத்தனையோ தடவை பார்த்திருந்தார். தன் சிரிப்பை அன்றுதான் கேட்டார். மனைவியின் பேச்சைவிட அது சத்தமாக இருந்தது. முதல் கேள்விக்குப் பிறகு அந்தம்மாவின் கண்ணில் நீர் கோத்திருப்பதும் அன்றுதான் தெரிந்தது. வலியில் வந்த நீர். அதைப் பார்த்துத்தான் அந்தக் குரல் இன்னும் பலமாகச் சிரித்து, "இன்னொரு தடவ" என்றது.

டூல் பையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்து மச்சினனுக்குப் போன் போட்டார்.

"மாப்ளே, அந்த வீடியோவ அழிக்கணும். நீ கம்பெனியில சொல்லி ஏதாவது பண்ணு."

"நான் வேலை பாக்கிறது வேற கம்பெனி மாமா. அதுவும் இல்லாம, அது ஒரு இடத்துல இருந்தா அழிக்கலாம். இப்ப ஊர்ல இருக்கிற எல்லார் போன்லயும் இருக்கு."

"உனக்குத் தெரியுமா, உங்கக்கா மைக்க விட்டது?"

"தெரியும் மாமா. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு அக்கா சொல்லிச்சு."

இருந்தாலும் மச்சினன் வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு கம்பெனிக்கும் புகார் அனுப்பக் கற்றுக்கொடுத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கருத்து அந்தப் பொடி எழுத்துகளை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பதில்கள் வந்தன. 'இந்தப் பதிவு எங்கள் விதிமுறைகளை மீறவில்லை.' இன்னொன்றில், 'உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்.' அதற்குக் கீழே மகிழ்ச்சியா, வருத்தமா என்று கேட்டு ஐந்து மூஞ்சிகள். வருத்தத்தை அழுத்தினார். நன்றி சொன்னது. ஒருவழியாக ஒரு பக்கத்தில் எடுத்தார்கள். அந்த வாரமே வேறு பெயரில் மூன்று இடத்தில் முளைத்தது.

எங்கள் வேலை குரூப்பிலும் அது வந்து சேர்ந்தது. ஒரு காலை சூப்பர்வைசர், 'பெரிய ஸ்பேனர் செட் யாரிடம்?' என்று கேட்டிருந்தார். பதிலுக்கு ஒருத்தன் அந்த ஸ்டிக்கரைப் போட்டான். கருத்து எழுதினார்: 'அது என் மனைவி. தயவுசெய்து போட வேண்டாம்.' வழக்கமாக ஜோக்கடிக்கிற ஆள், இதுவும் ஜோக்தான் என்று நினைத்தார்கள். அடுத்தடுத்து அதே ஸ்டிக்கர், ஏழெட்டு பேர். அந்தம்மா ஏழெட்டு தடவை கையை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கருத்து குரூப்பை விட்டு வெளியேறிவிட்டார். அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது. மறுநாள் ஸ்டிக்கர் போட்டவர்கள் ஒவ்வொருத்தராகப் போய் அவர் முன்னால் நின்றார்கள். "விடுப்பா, எடுத்தவன் நான்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு கூண்டின் மேலிருந்து பேச்சு வருவது நின்றுபோனது. ஸ்க்ரூ திருகும் சத்தம்தான் வரும்.

அவர் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டதை மச்சினன்தான் என்னிடம் சொன்னான். துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவின் எதிரே தரையில் உட்கார்ந்து, "தப்புப் பண்ணிட்டேன்" என்றாராம்.

"ஊருக்குப் போகும்னு உங்களுக்குத் தெரியாது. அது எனக்குப் புரியுது," என்றாராம் அந்தம்மா. "ஊர்க்காரங்க சிரிச்சதுகூடப் பரவாயில்லங்க. அவங்களுக்கு நான் யாரோ. எனக்கு அன்னிக்கி உயிர் போற வலி. சீட்ட உங்க பையிலேயே வச்சிக்கிட்டு என்னைத் திரும்பத் திரும்பக் கேக்க விட்டீங்களே, அதுதான் மனசுல நிக்குது."

அந்தம்மா மடித்த துணியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அவர்கள் சண்டை போடவில்லை, பேசாமலும் இருக்கவில்லை. ஆனால் அவர் போனைக் கையில் எடுத்தால் அந்தம்மா பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவார். மகள் படிப்பு முடித்துப் பட்டம் வாங்கிய அன்று எடுத்த படங்களில் அம்மா இல்லை. மேடைக்குப் பக்கத்தில் பைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

ஸ்டிக்கரை மெல்ல மெல்ல ஆட்கள் மறந்தார்கள். வேறு முகங்கள் வந்தன. அந்த வகையில் கருத்து சொன்னது சரிதான், நாலு நாள் என்றது மட்டும் இரண்டு வருஷத்துக்கு மேல் இழுத்துவிட்டது. அந்தம்மாவுக்கும் தைரியம் திரும்பியது. ஒரு காலை வெந்நீர் வைத்துக் குடித்தார். "இன்னிக்கி மேற்பார்வையாளர்கிட்ட கேக்கலாம்னு இருக்கேன். மைக்குக்குத் திரும்பப் போறேன்" என்றார். கருத்து அன்று அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, மனைவியை வண்டியில் உட்காரவைத்துத் தானே கூட்டிக்கொண்டு போனார். வழி நெடுக அந்தம்மா ஏதோ பேசிக்கொண்டே வந்தாராம். பழைய மாதிரி.

கூடத்தில் மைக் இருந்த மேஜையைக் காணவில்லை. சுவரில் பெரிய திரை ஒன்று தொங்கியது. ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியிடம் வாங்கிப் பொருத்தி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது; பின்வாசல் வழியாகவே பின்னறைக்குப் போய்வந்த அந்தம்மாவின் காதுக்கு அது எட்டியிருக்கவில்லை. திரையில் நம்பர் வந்தால் ஒரு பெண் குரல் அதைப் படித்தது. சுத்தமான குரல், மூச்சே விடாத குரல். முன் வரிசையில் ஒரு பெரியவர் தன் நம்பர் வந்ததா போனதா என்று தெரியாமல் பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

அந்தம்மா கைப்பையை அணைத்துக்கொண்டு நாலைந்து நம்பர் கேட்கும்வரை நின்றார்.

"நல்லாத்தான் கூப்பிடுது," என்றார்.

கருத்துவுக்கு அதைப் பற்றி ஒரு கருத்து இருந்தது. சொல்லவில்லை. அந்தம்மா பெரியவரிடம் போய்க் குனிந்து டோக்கனை வாங்கிப் பார்த்தார். எந்த அறை, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று மெல்லிய குரலில் சொல்லி அவரை எழுப்பி அனுப்பினார். பிறகு இவரிடம், "நீங்க கெளம்புங்க, வெயில் ஏறுது" என்றுவிட்டு, பின்னறைக்குப் போகும் நடைபாதையில் திரும்பினார்.