டெனிஸ்டன் முந்திப் போட்ட மொட்டை

டெனிஸ்டன் வீட்டுச் சுவரில் ஆறு வருடமாக ஓர் ஆணிகூட இல்லை. மடு மாதா படம் தரையில் சுவரோடு சாய்ந்து நின்றது. மணிக்கூடு மேசையில் மல்லாந்து கிடந்தது.

"ஏன் தம்பி, மாதாவை நிலத்திலை வைச்சிருக்கிறீர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நிரந்தர விசா வரட்டும் பிறேமாக்கா. அதுக்கு முதல் சுவரிலை ஓட்டை போட மனம் வருகுதில்லை."

இதைப் பயம் என்றால் அவனுக்குக் கோபம் வரும். ஆனால் பயம்தான். மன்னாரிலிருந்து வந்தவனை அகதியாக ஏற்றுக்கொண்ட பிறகும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை விசா அட்டையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. தபால் பெட்டியில் விசா அலுவலகக் கடிதம் கிடந்தால் அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

மற்றப்படி ஆள் சரியான பவுசு. பிராங்பேர்ட் விமான நிலையத்துச் சமையற்கூடத்தில் பாத்திரம் கழுவுகிற வேலை. அங்கே நாள் முழுக்கத் தொப்பிக்குள் கிடக்கிற தலைக்கு, வெளியே வந்ததும் அப்படியொரு உபசாரம் நடக்கும். சட்டைப் பையில் சீப்பு இல்லாமல் அவனை நான் கண்டதில்லை. பூசை நடுவிலும் பின்தலையைத் தடவித் தடவிச் சரிபார்ப்பான். "மாதா உம்மடை தலையைப் பாக்க வரேல்லை" என்று எத்தனையோ தடவை நக்கலடித்திருக்கிறேன்.

நான் இங்கே முப்பது வருடம். எங்கள் ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பேன். அதற்குக் கூலியாக ஏசுகிற உரிமையை மட்டும் எடுத்துக்கொள்வேன். டெனிஸ்டனின் விண்ணப்பத்தையும் நான்தான் நிரப்பினேன். மொழிச் சான்றிதழ், சம்பளத் துண்டுகள், வீட்டு ஒப்பந்தம் என்று ஒன்றும் குறையவில்லை. வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேரில் வரச் சொல்லி டேர்மின் கிடைத்தது.

அன்றைக்கு ரயில் மேடையில் யாரோ ஒருவன் எனக்குக் கை காட்டினான். கிட்டப் போனபோது தொப்பியைக் கழற்றினான். உரித்த முட்டை மாதிரி மொட்டை. மீசையும் இல்லை.

"என்ன கோலம் இது?"

"நேர்த்தி அக்கா. விசா கிடைச்சால் மொட்டை போடுறன் எண்டு மாதாவுக்கு நேர்ந்தனான்."

"கிடைச்சால் தானே? இன்னும் கிடைக்கேல்லையே!"

"நான் என்ரை பங்கை முந்திச் செய்திட்டன். இனி அவ மறுக்க ஏலாது."

"மீசை?"

"மீசையை விட்டால் அரைகுறை நேர்த்தி எண்டு அஜிதா சொன்னவ."

அஜிதா அவன் மனைவி. மாதாவையே மடக்கப் பார்க்கிற புருசனுக்கு ஏற்ற பெண்சாதி.

அலுவலகத்தில் இருந்த பெண் பழைய அட்டையைப் பார்த்தாள். அதில் அடர்ந்த சுருட்டை முடி, முறுக்கிய மீசை. பிறகு இவனைப் பார்த்தாள். மறுபடியும் அட்டையைப் பார்த்தாள். நேர்த்திக்கடன் என்றால் என்ன என்று நான் ஜெர்மனில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, கைவிரலை இயந்திரத்தில் வைக்கச் சொன்னாள். வருடக்கணக்காகச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறிய விரல்களில் ரேகை எங்கே இருக்கிறது? மூன்று தடவையும் சிவப்பு விளக்குத்தான் எரிந்தது.

"ஆளை உறுதிப்படுத்த முடியவில்லை. வேறு டேர்மின் தருகிறேன். ஐந்து மாதம் ஆகலாம்" என்றாள்.

டெனிஸ்டனின் முகம் செத்துப்போனது. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

"முந்திச் செய்தீரோ? இப்ப பாரும்!"

அவன் தலையைக் குனிந்தான். அந்தப் பெண் சட்டென்று எழுந்தாள். "அது என்ன?"

அவனுடைய பின்தலையில், காதுக்கு மேலே தொடங்கிப் பிடரிவரைக்கும் ஒரு தழும்பு வளைந்து கிடந்தது.

"ஷெல் துண்டு" என்றான். "முதல் விசாரணையிலை சொன்னனான். டொக்டர் படமும் எடுத்தவர்."

அவள் தடித்த கோப்பை அடியிலிருந்து புரட்டினாள். யாரோ விரலால் சுருட்டை முடியை விலக்கிப் பிடிக்க, அதே தழும்பு படத்தில் இருந்தது. மேசையைச் சுற்றி வந்து, அவனைத் திரும்பி நிற்கச் சொல்லி, தாளைத் தலைக்குப் பக்கத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தாள்.

"இவர்தான்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோசத்தைவிட வெட்கம்தான் கூட. அந்தச் சீப்பு எதை மறைக்க அலைந்தது என்று தெரியாமலே இத்தனை வருடம் சிரித்திருக்கிறேன்.

அவள் புதுப் படத்துக்காகக் கமெராவைக் காட்டினாள். டெனிஸ்டன் பழக்கத்தில் சீப்பை எடுத்து, தடவிப் பார்த்து, திரும்ப வைத்தான்.

"அக்கா, தலைமயிர் வளர்ந்தாப் பிறகு எடுக்கலாமோ எண்டு கேளுங்கோ."

"வாயை மூடிக்கொண்டு நேரை பாரும்!"

இரண்டு மாதத்தில் அட்டை வந்தது. அதற்குள் மீசை பழையபடி வந்துவிட்டது, முடியும் தழும்பை மூடுமளவுக்கு வளர்ந்துவிட்டது. அட்டையில் மட்டும் மொட்டை. அஜிதா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். போனால், சுவரில் மாதா, பக்கத்தில் மணிக்கூடு, அதற்கப்பால் கல்யாணப் படம். அதற்கும் அப்பால் வெறும் ஆணி ஒன்று.

"இது எதுக்கு தம்பி?"

டெனிஸ்டன் அந்த ஆணியைத் தொட்டு ஆட்டிப் பார்த்தான். அது அசையவில்லை.

"ஒண்டுக்கும் இல்லை அக்கா. சும்மா அடிச்சுப் பாத்தனான்."